பிரைவட்டியர்கள் காலத்தில் வணிகப் பாய்மரக் கப்பல்கள் ஏன் அடிக்கடி கைமாறின?

போர்க்காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்க அரசிடம் உரிமப் பத்திரம் பெற்ற தனியார் கப்பலே 'பிரைவட்டியர்'. இதனால் அரசுக்குத் தன் கருவூலத்தைத் தொடாமலே எதிரியின் வணிகத்தை முடக்க முடிந்தது. முதலாளிக்கும் மாலுமிகளுக்கும் கொள்ளைப் பொருளில் பங்கு கிடைத்தது.

ஆனால் பிடித்தவுடன் கப்பல் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அதன் ஆவணங்களை நீதிமன்றத்தில் காட்டி, அது எதிரியின் சொத்துதான் என்று தீர்ப்புப் பெற்ற பிறகே விற்கலாம். காவல்துறை பறிமுதல் செய்த லாரி நீதிமன்ற உத்தரவுக்குப் பின்னரே ஏலத்துக்கு வருவதைப் போன்றது இது. ஏலத்தில் எடுத்தவர் புதுப் பெயர் சூட்டி, வேறு கொடியேற்றி, அதே கடலுக்கு அனுப்புவார். பழைய நாட்டவரே அதை மீண்டும் பிடிப்பதும் உண்டு.

பீரங்கிகள் இருந்தும் பெரிய கப்பல்கள் தப்பவில்லை. 1800 அக்டோபரில் வங்காள விரிகுடாவில், பிரெஞ்சுக்காரர் ராபர்ட் சுர்கூஃப் மிகச் சிறிய 'கான்ஃபியான்ஸ்' கப்பலைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'கென்ட்' கப்பலோடு ஒட்டி நிறுத்தி, ஆட்களைப் பாய்ந்தேறச் செய்து அதைக் கைப்பற்றினார். கென்டின் தலைவர் சண்டையில் இறந்தார். கப்பல் மொரீஷியசுக்குப் போனது.

இவர்களும் கடற்கொள்ளையரே என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பிடிபட்ட கொள்ளையருக்குத் தூக்குக் காத்திருந்தது, உரிமப் பத்திரம் வைத்திருந்தவரோ பொதுவாகப் போர்க்கைதியாகவே நடத்தப்பட்டார், 1856-இல் பாரிஸ் பிரகடனம் இம்முறையை ஒழிக்கும்வரை.