கேள்வி – பதில்: டிரம் கோர் பயணமும் அதில் மூளும் பூசல்களும்

(அமெரிக்க டிரம் கோர் குழுக்களின் கோடைப் பயணத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பித்தளைக் கருவிகள், முரசுகள், கொடி வீசி ஆடும் கலர் கார்டு ஆகிய மூன்றும் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அணிவகுத்து இசைக்கும் இக்குழுக்களில் 22 வயது வரையிலான இளைஞர்களே இடம்பெறுகின்றனர். அதைப் படித்த வாசகர்கள் பலரும், இந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்குள் சண்டை வருமா என்றே கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.)

என் மகனுக்கு 18 வயது. இந்த ஆண்டுதான் ஒரு குழுவில் ஸ்னேர் முரசு வாசிக்கச் சேர்ந்தான். எப்போது தொலைபேசியில் பேசினாலும், உடன் வாசிக்கும் ஒரு பையனோடு தகராறு என்று புலம்புகிறான். பயணத்தைப் பாதியில் நிறுத்தி அழைத்து வந்துவிடலாமா? – ஒரு தாய், டெக்சாஸ்

அவசரப்பட்டு அழைத்து வர வேண்டாம் அம்மா. முதலில், அவன் எப்படிப்பட்ட சூழலில் நாளைக் கழிக்கிறான் என்பதை அறிந்துகொள்ளுங்கள். இரவு நிகழ்ச்சி முடிந்ததும் கருவிகளை லாரியில் ஏற்றிவிட்டு, உணவு வண்டியில் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவுக்கு மேல் பேருந்தில் ஏறுகிறார்கள். விடியும் முன் வேறொரு ஊரின் பள்ளிக்கூடத்தை அடைந்து, அங்குள்ள உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் காற்று மெத்தை விரித்துப் படுக்கிறார்கள். சில மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு, ஜூலை மாத வெயிலில் மதியம் வரை பயிற்சி, மாலையில் மீண்டும் நிகழ்ச்சி. ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை இப்படியே ஓடுகிறது. ஒரு குழுவில் 165 பேர் வரை இருக்கலாம். குளிக்கும் இடத்திலும், சாப்பாட்டு வரிசையிலும், பேருந்து இருக்கையிலும் ஒருவருக்கும் தனிமை என்பதே கிடையாது. பெரியவர்களே இந்த வாழ்க்கையில் எரிந்து விழுவார்கள் என்னும்போது, பிள்ளைகளுக்குள் உரசல் வருவதில் வியப்பில்லை.

ஸ்னேர் வரிசைக்கு இதோடு இன்னொரு சுமையும் உண்டு. எட்டு ஒன்பது பேர் தோளோடு தோள் நின்று, ஒரே ஆள் வாசிப்பது போலக் கேட்கும்படி அடிக்க வேண்டும். குச்சி எழும்பும் உயரம் முதல் மணிக்கட்டின் திருப்பம் வரை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். ஒருவர் இம்மி பிசகினாலும் வரிசை முழுவதும் கலைந்து கேட்கும்; ஆனால் பிசகியவர் யார் என்பது சில வேளைகளில் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. அப்போது பயிற்றுநர் வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொருவராக அதே பகுதியை வாசிக்கச் சொல்கிறார். எல்லோர் முன்னிலையிலும் தவறு யாருடையது என்று வெளிப்படும் அந்த நிமிடத்தில்தான் பெரும்பாலான மனக்கசப்புகள் முளைக்கின்றன என்பது என் எண்ணம். அதைப் பேசித் தீர்க்க நேரமின்றி அடுத்த பயிற்சி தொடங்கிவிடுவதால், வெயிலில் விழுங்கிய கோபம் இரவில் இருக்கைச் சண்டையாகவோ மெத்தை விரிக்கும் இடச் சண்டையாகவோ வெடிக்கிறது.

ஆகவே உங்கள் மகனிடம், "அவன் என்ன செய்தான்?" என்று கேட்பதோடு, "சண்டை வந்த அன்று எவ்வளவு நேரம் தூங்கினாய், சாப்பிட்டாயா, பயிற்சியில் என்ன நடந்தது?" என்றும் கேளுங்கள். களைப்பினால் வந்த பிணக்கு என்றால், பிரிவுத் தலைவரிடம் சொல்லி இருக்கையை மாற்றிக்கொண்டாலே பாதி அடங்கிவிடும். ஆனால் அந்தப் பையன் கை ஓங்குகிறான், மிரட்டுகிறான், சாதி, நிறம், உச்சரிப்பு பற்றி இழிவாகப் பேசுகிறான் என்றால், அதைப் பிணக்கு என்று சொல்லி மழுப்பக் கூடாது. அன்றே பயண மேலாளரின் காதுக்குப் போக வேண்டும்.

குழுக்களுக்கு இடையே பரம்பரைப் பகை உண்டு என்கிறார்களே, அது கைகலப்பு வரை போகுமா? – வாசகர், மதுரை

பெயர்பெற்ற போட்டிகள் உண்டு. கலிபோர்னியாவின் கான்கார்ட் நகரத்து புளூ டெவில்ஸ், சாண்டா கிளாரா வான்கார்ட் ஆகிய இரண்டும் ஒரே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியைச் சேர்ந்தவை. ஒரே வட்டாரத்து இளைஞர்கள் இரண்டில் எதற்கு முயற்சி செய்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில், அரை நூற்றாண்டாக இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்திருக்கின்றன. 1999 இறுதிப் போட்டியில் இரண்டும் ஒரே மதிப்பெண் பெற்றுப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 2008இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரைச் சேர்ந்த ஃபேண்டம் ரெஜிமென்ட் 98.125 மதிப்பெண் எடுத்து, 98.100 எடுத்த புளூ டெவில்ஸை முந்தியது. நூற்றில் 0.025 மதிப்பெண் வித்தியாசத்தில் ஒரு கோடைக்கால உழைப்பின் முடிவு அமையும்போது, எதிரணியின் மீது கசப்பு வருவது மனித இயல்பு.

என்னைக் கேட்டால், மிகக் கசப்பான பருவம் 1993தான். அந்த ஆண்டு ஸ்டார் ஆஃப் இந்தியானா குழு, வழக்கமான ஆரவாரத்தை விலக்கிவிட்டு, செறிவான நவீன இசையையும் நடன அசைவுகளையும் கொண்டு ஒரு நிகழ்ச்சியை அமைத்தது. பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் கைதட்டுவதற்குப் பதிலாகக் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினர். செல்வந்தர் ஒருவரின் ஆதரவில் 1984இல் தொடங்கப்பட்டு, 1985இல் தன் முதல் போட்டிப் பருவத்திலேயே இறுதிச் சுற்றை எட்டிய குழு என்பதால், அதன் மீது ஏற்கெனவே பொறாமை இருந்தது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் நியூ ஜெர்சியின் கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. அத்தோடு ஸ்டார் போட்டிகளை விட்டே விலகி மேடைக் கலைக்குச் சென்றது, 'பிளாஸ்ட்!' என்ற பெயரில் லண்டனிலும் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கிலும் அரங்கேறிய நிகழ்ச்சி அந்தக் குழுவின் வழிவந்ததே. இருபது வயதுகூட நிறையாத பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் கூச்சலிட்டது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆயினும் கைகலப்பு என்பது அரிது. எதிரணியினரைச் சந்திக்கவே நேரம் இருப்பதில்லை. ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தில் தங்கிப் பயிற்சி எடுத்துவிட்டு, மாலையில் அரங்கத்துக்கு வந்து போகிறார்கள். மேலும், இந்தப் போட்டி அமைப்பே எதிரிகள் கூடி உருவாக்கியது. முன்பு முன்னாள் படைவீரர் சங்கங்கள் போட்டிகளை நடத்தி விதிகளையும் தாங்களே வகுத்தபோது, களத்தில் ஒருவரையொருவர் வீழ்த்தத் துடித்த குழுக்களின் தலைவர்கள், குறிப்பாக வயோமிங்கின் ட்ரூப்பர்ஸ் குழுவின் ஜிம் ஜோன்ஸும் சிகாகோவின் கேவலியர்ஸ் குழுவின் டான் வாரனும், 1971இல் மற்றவர்களோடு கைகோத்து 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' அமைப்பைத் தொடங்கினர். முதல் இறுதிப் போட்டி 1972இல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் நடந்தது. பணநெருக்கடியால் வான்கார்ட் 2023இல் களமிறங்காதபோது, அதன் உறுப்பினர் பலர் வேறு குழுக்களில் சேர்ந்து வாசித்தனர். நேற்றைய எதிரணியின் சீருடையை இன்று அணிய வேண்டி வரலாம் என்பது இந்த உலகில் எல்லோருக்கும் தெரியும்.

மூத்த உறுப்பினர்கள் புதியவர்களைப் பேருந்தில் ராகிங் செய்வதாகக் கேள்விப்படுகிறேன். இது மரபு என்கிறார்களே? – ஒரு தந்தை, கோயம்புத்தூர்

எது மரபு, எது குற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பேருந்தில் நல்ல இருக்கை மூத்தவர்களுக்கு, தண்ணீர்க் குடங்களைத் தூக்கி வருவது புதியவர்களுக்கு என்ற அளவில் இருப்பது, எந்தக் குழுவிலும் உள்ள ஏற்பாடு. எனக்கு அதுவும் உவப்பில்லை. எனினும் அதனால் யாரும் காயப்படுவதில்லை. உடலைத் தொடுவதும், தூங்கவிடாமல் செய்வதும், குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதும், பாலியல் கேலியும், அழ வைத்துப் படம் எடுப்பதும் எந்தப் பெயரில் நடந்தாலும் குற்றமே.

பேருந்தில் நடக்கும் கொடுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, டிரம் கோர் அல்லாத ஆனால் மிக நெருங்கிய உலகிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். 2011 நவம்பர் 19 அன்று, புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அணிவகுப்பு இசைக்குழுவில் டிரம் மேஜராக, அதாவது குழுவை முன்னின்று நடத்துபவராக, இருந்த ராபர்ட் சாம்பியன் என்ற 26 வயது இளைஞர், ஆர்லாண்டோவில் ஒரு விடுதி வாசலில் நின்றிருந்த குழுவின் பேருந்துக்குள், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நடந்து செல்லும்படி செய்யப்பட்டார். இரு பக்கமும் நின்ற சக கலைஞர்கள் அடித்த அடியில் உயிரிழந்தார். அடித்தவர்கள் அந்நியர்கள் அல்லர். அன்று பகலில் ஒரே மைதானத்தில் அவரோடு இசைத்தவர்கள். குழு 2013 வரை முடக்கப்பட்டது, பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார், பலர் மீது வழக்கு நடந்தது, சிலர் சிறை சென்றனர். அந்தச் சடங்குக்கு உட்பட்டவர்கள் பலரும் தாங்களாகவே சம்மதித்தவர்கள் என்று வாதிடப்பட்டது. குழுவில் மதிப்புப் பெற வேறு வழியில்லை என்று நம்ப வைக்கப்பட்ட ஓர் இளைஞனின் சம்மதத்தை நான் சம்மதமாக ஏற்க மாட்டேன்.

உங்கள் பிள்ளை சேருமுன், குழுவின் நிர்வாகத்திடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு பேருந்திலும் பொறுப்பான பெரியவர் யார், இரவில் உடற்பயிற்சிக் கூடத்தில் யார் காவல், புகாரைப் பயிற்றுநரைத் தாண்டி யாரிடம் சொல்லலாம். மூன்றாவதுதான் மிக முக்கியம். 2018இல் ஒரு பழம்பெரும் குழுவின் இயக்குநர் மீதே பெண்கள் பலர் பாலியல் புகார் கூறி, அவர் பதவி விலக நேர்ந்தது. மேலே இருப்பவரே குற்றவாளியாக இருந்தால் பிள்ளை எங்கே போவாள் என்ற கேள்விக்கு விடையில்லாத குழுவில் சேர்க்காதீர்கள். அடிதடி நடந்துவிட்டால் குழுவின் விசாரணைக்காகக் காத்திருக்க வேண்டாம்; நேராகக் காவல்துறையிடம் செல்லுங்கள்.

களத்தில் எனக்கிருந்த இடத்தை மாற்று உறுப்பினர் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் என் தோழி. அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. – மெல்லோஃபோன் என்ற பித்தளைக் கருவி வாசிக்கும் வாசகி, நியூ ஜெர்சி

உன் வருத்தம் நியாயமானது, தங்கையே. ஒவ்வோர் அசைவுக்கும் எத்தனையாவது யார்டு கோட்டிலிருந்து எத்தனை அடி என்று நீயே கைப்பட எழுதி, கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, வியர்வையில் மை கலைந்து மீண்டும் எழுதிய அந்தச் சின்னக் குறிப்பேட்டை இன்னொருத்திக்குப் படியெடுத்துக் கொடுப்பது எளிதல்ல.

ஆனால் இடத்தைப் பறித்தவர் அவள் அல்லள், முடிவெடுத்தவர் பயிற்றுநர். ஆகவே அவரிடம் போய், எந்தப் பகுதியில் குறை, அதைத் திருத்தினால் மறுபடி வாய்ப்பு உண்டா, எந்த நாளுக்குள் என்று நேரடியாகக் கேள். அணியில் யாருக்காவது காயமோ காய்ச்சலோ வந்தால் ஒரே இரவில் இடங்கள் மாறும் என்பதால், இசையையும் அசைவையும் மறக்காமல் வைத்துக்கொள். தோழியிடம் இப்போதைக்குப் பேச இயலவில்லையென்றால், "எனக்குச் சில நாள் வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடு. அவளைப் பற்றி உணவு வரிசையில் மற்றவர்களிடம் பேசாதே. பேசினால் பிரிவே இரண்டு கோஷ்டியாகும், பிறகு உங்கள் இருவராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வாகன நிறுத்துமிடத்தில் இரண்டு குழுக்களின் முரசு வரிசைகள் எதிரெதிரே நின்று மோதுமாமே? – வாசகர், சேலம்

அது மோதல் அன்று. களத்துக்குள் செல்லுமுன் ஒவ்வொரு முரசு வரிசையும் அரங்கத்துக்கு வெளியே திறந்த வெளியில் கையைச் சூடேற்றிக்கொள்ளும். அதைக் கேட்பதற்கென்றே ரசிகர்கள் சூழ்ந்து நிற்பார்கள். எதிரணி இளைஞர்களும் நேரம் கிடைத்தால் அவர்களுக்கிடையே நின்று, கண் கொட்டாமல் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இண்டியானாபோலிஸில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு எப்போதாவது செல்ல நேர்ந்தால், நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், வரிசைக்கு முன்னால் அல்லாமல் பக்கவாட்டில் நின்று கேளுங்கள். பயிற்றுநருக்கும் வாசிப்பவர்களுக்கும் நடுவே மட்டும் போய் நின்றுவிடாதீர்கள்.