"மூளை எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்கும் மகளை என்ன படிக்க வைப்பது?

வணக்கம் அம்மா. நீட் மதிப்பெண் வந்த நாளிலிருந்து வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மகளோ, "கண்ணில் விழுவதை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது, அதைத்தான் படிக்கணும்" என்கிறாள். இதெல்லாம் ஒரு படிப்பா, சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். படிப்புதான், சோறும் போடும்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். வெள்ளைத்தாளில் ஒரு கூட்டல் குறி, அதற்கு வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளி. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். சுமார் ஓர் அடி தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. புள்ளி அங்கே விழுந்துவிட்டது. ஆனால் ஓட்டை எதுவும் தெரியாது, வெள்ளைத்தாள்தான் தெரியும். நிரப்பிக்கொண்டது மூளை. அவள் கேட்பது இதைத்தான்.

இது வெறும் வேடிக்கை இல்லை. 'சோம்பேறிக் கண்' கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமுள்ள குழந்தைக்குச் சரியான கண்ணாடி போட்ட பிறகும் அந்தக் கண்ணால் கண் பரிசோதனைப் பலகையின் சின்ன எழுத்துக் கீழ்வரிகளைப் படிக்க வராது. சிறுவயதில் தெளிவான படம் வராததால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டிருக்கும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்போட்டு மூடி, மற்றதை வேலை வாங்குவார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம். டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு நரம்பியல் விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்து, திறந்த பிறகும் பார்வைக்கான மூளைப்பகுதி அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை என்று காட்டினார்கள். 1981-ல் நோபல் பரிசு. ஹியூபெல் முதலில் படித்தது கணிதமும் இயற்பியலும், அப்புறம்தான் மருத்துவம். அதனால் உங்கள் மகள் கணக்கைக் கைவிட வேண்டாம்.

சரி, எங்கே சேர்ப்பது? நோயாளியோடு உட்கார்ந்து பேசிப் பழகப் பிடிக்கும் என்றால் பி.ஆப்டம். (ஆப்டோமெட்ரி, அதாவது கண்ணைப் பரிசோதித்துப் பார்வைக் குறைகளைக் கவனிக்கும் இளங்கலைப் படிப்பு). 4 வருடம், கடைசி வருடம் பயிற்சி. சென்னையில் எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985 முதல் இதைக் கற்றுத் தருகிறது. முடித்த கையோடு வேலைக்குப் போகலாம். சோறு போடுமா என்ற உங்கள் கவலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆராய்ச்சிதான் வேண்டும் என்றால் நுழைவுத்தேர்வு எழுதி ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்களில் 5 வருடப் படிப்பு, பிறகு நரம்பியலில் பிஎச்.டி. உளவியல் இளங்கலை முடித்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், ஐஐடி காந்திநகர் போன்ற இடங்களில் மனமும் மூளையும் எப்படி இயங்குகின்றன என்று படிக்கும் அறிவாற்றல் அறிவியலுக்குப் போகிறவர்களும் உண்டு. நீண்ட பாதைதான். ஆனால் ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும்.

மறுபடி நீட் எழுதவைப்பது பற்றிக் கேட்டீர்கள். டாக்டராக வேண்டும் என்று அவளே சொன்னால் மட்டும் எழுதட்டும்.

பக்கத்துக் கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட் குழந்தைகளைப் பரிசோதிப்பதை அரைநாள் பார்க்க அனுமதி கேளுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள். அதற்குள் விண்ணப்பத் தேதிகளைத் தவறவிட்டுவிடாதீர்கள்.