தையல் நோவும் விறைப்பு ஊசியும்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது, நிறை 50 கிலோ. கட்டி காரணமாக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். முதுகில் ஊசி போட்டுத்தான் ஒப்பரேசன். தைக்கும்போது காயத்திலும் விறைப்பு ஊசி போடுவார்களாம். விறைத்த இடத்துக்கு இன்னொரு ஊசி எதற்கு? பிறகு நோகவே நோகாதா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: முதுகு ஊசி ஒப்பரேசனுக்கானது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கால் அசையத் தொடங்கும். நோவும் கூடவே எழும்பும். காயத்தில் போடுவது அதற்குப் பிந்திய நேரத்துக்கு. பெரும்பாலும் பியூபிவகெயின் என்ற மருந்துதான். 4 முதல் 8 மணித்தியாலம் வரை தாங்கும். தோலுக்குக் கீழே மட்டும் போட்டால் பாதிப் பலன்தான். தசையை மூடியிருக்கும் வெள்ளை உறையில்தான் இறுக்கமான தையல் விழுகிறது, அங்கேயும் மருந்து போக வேண்டும்.

அளவு நிறையைப் பொறுத்தது. கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அம்மாவுக்கு 100 மில்லிகிராம்: 0.5 வீத மருந்தென்றால் 20 மில்லிலீற்றர், 0.25 வீதமென்றால் 40. ஸ்கேன் பார்த்து வயிற்றுச் சுவரின் இரு பக்கமும் ஊசி போட்டால் அதுவும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும். சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு கணக்கும் மயக்க மருந்து வைத்தியர் வேறு கணக்கும் வைத்தால்தான் அளவு மிஞ்சும். ஆகவே நிறையைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் நிறுத்துச் சொல்லுங்கள்.

மருந்து மிஞ்சினாலோ இரத்தக் குழாய்க்குள் போனாலோ உதடு விறுவிறுக்கும், வாயில் இரும்புச் சுவை தட்டும், காது இரையும். வலிப்பும் வரலாம், இதயத் துடிப்பும் குழம்பலாம். அம்மா விழித்திருப்பதால் இவற்றை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; இது பொறுத்துக்கொள்கிற விசயமல்ல. மாற்று மருந்து இருக்கிறது: பால்போல வெண்மையான 20 வீதக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் வீதம் நாளத்தில் ஏற்றுவார்கள்.

நோகவே நோகாதா என்றால், நோகும். இந்த ஊசி வயிற்றுச் சுவரின் நோவைத்தான் அடக்கும். கர்ப்பப்பை இருந்த இடத்தின் உள்நோவு, அடிவயிற்றை முறுக்குவதுபோல வருவது, இதற்கு அடங்காது. பலர் பிழைவிடும் இடமும் இதுதான். காலையில் ஒப்பரேசன் முடிந்து, மத்தியானம் “நோ இல்லை” என்று பனடோலை (பரசிட்டமோலை) வேண்டாமென்று விடுவார்கள். பின்னேரம் விறைப்பு விடும்போது எல்லா நோவும் ஒன்றாய் வந்து இறங்கும். எழும்பிய நோவை அடக்குவது கடினம். நோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம் பரசிட்டமோல் கொடுக்கச் சொல்லுங்கள். ஈரல் நோய் இல்லாத, 50 கிலோவுக்குக் குறையாதவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. டைக்குளோபெனாக் என்ற நோ மருந்தைத் தருவதற்கு முன் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிடுங்கள்.

இருமும்போது சிறு தலையணையைக் காயத்தோடு அணைத்துப் பிடிக்கட்டும். சில வேளை மருந்து தொடை நரம்பு வரை பரவி முழங்கால் மடங்கிவிடும். முதல்தரம் கட்டிலை விட்டு இறங்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மருந்து கொடுத்தும் நோ கூடிக்கொண்டே போய், வயிறு ஊதி, நாடி வேகமாக அடித்தால் விறைப்பு விட்டதென்று இருந்துவிடாதீர்கள், தாதியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: லப்பரஸ்கோப்பியில், அதாவது சிறு துளை போட்டு, சூலகக் கட்டி எடுத்தார்கள். வயிற்றை விட வலது தோள்தான் நோகிறது. ஏன்?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வயிற்றை உயர்த்த ஏற்றிய காபனீரொட்சைட்டில் கொஞ்சம் தங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் தோளில் நோவாகத் தெரியும். துளைகளில் போட்ட விறைப்பு ஊசி அங்கே எட்டாது. இரண்டு மூன்று நாளில் குறையும். மெதுவாக நடவுங்கள், பரசிட்டமோலை நேரத்துக்கு எடுங்கள். மூச்சு முட்டினாலோ ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி: பல்லுக்குப் போட்ட விறைப்பு ஊசியில் நெஞ்சு படபடத்தது. எனக்கு ஒவ்வாமையா?
– வாசகி, கல்முனை

பதில்: பல் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், படபடப்பு அதனால் வரக்கூடியது. விறைப்பு மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. தோல் தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு இழுத்ததா என்று நினைவுபடுத்தி, மயக்க மருந்து வைத்தியரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.