மெழுகு கெட்டது அடுப்பில் மட்டுமா?

கேள்வி: பினாங்கு பாலிக் பூலாவில் எங்கள் தென்னந்தோப்பில் எட்டுத் தேன்பெட்டிகள் உள்ளன. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மெழுகுவத்தி செய்யலாம் என்று, பழைய தேனடைகளை இரும்புக் குவாலியில் (சட்டியில்) கிணற்றுத் தண்ணீரோடு கொதிக்க வைத்தேன். மெழுகு காப்பி நிறமாகிவிட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று ஒரு படலம். சீக்கிரம் உறையட்டும் என்று ஐஸ்பெட்டியில் வைத்தேன், நடுவில் பிளந்துவிட்டது. பாரபின் என்ற பெட்ரோலிய மெழுகைக் கலந்தால் வெடிக்காது என்கிறார் கடைக்காரர். எத்தனை டிகிரியில் உருக்குவது, ஐயா?

பதில்: தங்கச்சி, தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரிக்குள் உருகிவிடும். 85-ஐத் தாண்டினால் நிறம் போய்விடும். நீங்கள் கொதிக்கவே வைத்திருக்கிறீர்கள், அதுவும் இரும்பில். இனி எவர்சில்வர் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது, பற்றிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் மெழுகின் அமிலத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகும்; அடியில் உள்ள சாம்பல் படலத்தில் அதுவும் அழுக்கும் கலந்திருக்கும். பினாங்கில் பெய்கிற மழைக்கு ஒரு வாளி பிடித்து வைக்கக் கூடாதா?

சரி, உருக்குவதைக் கேட்டீர்கள், ஆற வைப்பதைக் கேட்கவில்லையே! மெழுகைப் பிளந்தது ஐஸ்பெட்டிதான். உருகும்போது மெழுகின் நீண்ட மூலக்கூறுகள் கலைந்து ஓடும். ஆறும்போது மறுபடி வரிசையாக அடுக்கி நின்று படிகமாகும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். உறையும்போது மெழுகு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். வெளி ஓடு சட்டென்று இறுகி, உள்ளே இன்னும் நீராக இருந்தால் பிளக்காமல் என்ன செய்யும்? பாத்திரத்தை மூடி, பழைய சாரோங் இரண்டைச் சுற்றி, இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். அழுக்கும் அடியில் படியும். காலையில் விளிம்பில் மயிரிழை இடைவெளி தெரியும். கவிழ்த்தால் கட்டி தானாக விழும். அப்புறமும் படிகம் முற்றி மெழுகு இறுக மூன்று நான்கு மாதம் ஆகும். அதனால் திருவிழா மெழுகை மார்ச்சிலேயே உருக்கிவிடுங்கள். நாளாக ஆக மேலே வெள்ளைப் பூச்சு வந்தால் பூஞ்சை என்று பயப்படாதீர்கள்; துணியால் துடைத்தால் போகும்.

பாரபின் வேண்டவே வேண்டாம். பொறுமையாக ஆற வைக்கச் சொன்னால் கடைக்காரருக்கு என்ன விற்கும்? வத்திக்குக் கலந்ததில் மிச்சம் ஒருநாள், தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிச் சட்டத்தில் ஒட்டும் மெழுகுத் தாளாகத் திரும்பி வரும். கூட்டுக்குள் எப்போதும் 35 டிகிரிச் சூடு. அங்கே தேன் பாரத்தைத் தாங்க வேண்டிய அடை கலப்பட மெழுகில் தொய்ந்துவிடும். தேனீக்கு இதைவிடத் துரோகம் கிடையாது.

கறுத்த அடையையும் புது அடையையும் சேர்த்து உருக்காதீர்கள். பிளந்த கட்டியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அடிப் படலத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மழைநீரில் மறுபடி உருக்கி மெதுவாக ஆறவிடுங்கள். பிளவு போய்விடும், ஆனால் பழைய மஞ்சள் நிறம் திரும்பாது.