செல்டிக் முடிச்சு பட்டன்கள் உண்மையிலேயே பழங்காலத்தவையா?

அயர்லாந்து ஸ்வெட்டர்களிலும் ஸ்காட்லாந்து ஆண்கள் கில்ட் என்ற பாவாடையுடன் போடும் கோட்டுகளிலும் வரும் முடிச்சு பட்டன்களை அங்கே வாழ்ந்த பழங்கால செல்ட் மக்கள் அணிந்தார்களா, ஒவ்வொரு முடிச்சுக்கும் அர்த்தம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிசைன் பழையது, பட்டன் புதியது. அந்தக் கால அயர்லாந்தில் மேலாடையைப் பிடித்து நிறுத்தியவை ஊசிகளும் புரோச் எனும் அலங்கார ஊக்குகளும்தான். இந்தப் பின்னல் வடிவம் ரோமானியத் தரைச் சித்திரங்களிலேயே உண்டு. 7ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்து, பிரிட்டன் மடாலயங்கள் அதை வியக்கத்தக்க நுட்பத்துக்கு வளர்த்தன. சுமார் 800இல் உருவான, ஓவியங்கள் நிறைந்த பைபிள் நற்செய்தி நூலான கெல்ஸ் சுவடியைப் பாருங்கள், கண் மலைத்துப் போகும். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது.

அர்த்தம் பற்றி: "இது காதல் முடிச்சு, இது வீர முடிச்சு" என்று அட்டையில் அச்சிட்டு விற்பதற்குப் பழைய ஆதாரம் எதுவும் இல்லை. மூன்று வளைவு முடிச்சைக் கிறிஸ்தவர்கள் திரித்துவத்தின் (தந்தை, மகன், தூய ஆவி) அடையாளமாகக் கொள்வது மட்டும் பரவலான வழக்கம்.

வாங்கும்போது பட்டனில் முடிச்சின் இழைமேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நம் சிக்குக் கோலம்போல இழை அறுபடாமல் போக வேண்டும்; ஒரு குறுக்கில் மேலே ஏறினால் அடுத்ததில் கீழே இறங்க வேண்டும். மலிவு வார்ப்புகளில் இந்த ஏற்ற இறக்கமே மழுங்கிவிடும். பெரும்பாலும் பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவையில் வார்க்கிறார்கள். ஈயம் சேராததா என்று கேட்டு வாங்குங்கள். பள்ளங்களில் ஏற்றிய கறுப்பு நிறம்தான் முடிச்சைத் தூக்கிக் காட்டுகிறது, பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.