முதல் வேலையை விட்டால் அடுத்தது அங்கே கிடைக்குமா?

கேள்வி: வேதியியலில் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. என் அளவுக்கே மதிப்பெண் எடுத்த தோழி வேறு பகுதிக்குப் போய் மூன்றே மாதத்தில் வேலையில் சேர்ந்துவிட்டாள். குறை என் படிப்பிலா, நான் இருக்கும் இடத்திலா? நானும் கிளம்பிவிடலாமா?

பதில்: படிப்பில் குறை தேடாதீர்கள். ஒரே பட்டத்துக்கு இடத்துக்கு இடம் மதிப்பு மாறும். அதற்காக இன்றே பெட்டி கட்டவும் வேண்டாம்.

ஓர் ஊரில் எத்தனை வேலை விளம்பரம் வருகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உங்கள் துறைக்கு அங்கே எத்தனை முதலாளிகள் என்று எண்ணுங்கள். ஒரே ஆலையை நம்பியிருக்கும் ஊரில் முதல் வேலை சுலபமாகக் கிடைக்கலாம். அதை விட்டால் போக்கிடம் கிடையாது. சம்பளம் கூட்டிக் கேட்கவும் வாய் வராது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் சாயத் தொழிலில் வளர்ந்த ஊர். இன்று ரோஷ், நோவார்ட்டிஸ் என்ற இரண்டு பெரிய மருந்து நிறுவனங்களுக்கும் அதுதான் தலைமையிடம். வேதியியல் படித்தவர் அங்கே ஒரு கதவு மூடினால் அடுத்ததைத் தட்டலாம். திறமைசாலிகள் கூடும் இடத்துக்கு முதலாளிகளும், முதலாளிகள் கூடும் இடத்துக்குத் திறமைசாலிகளும் வந்து சேர்வதைப் பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890-லேயே விளக்கியிருக்கிறார்.

இந்த இரண்டாவது கதவு ஏன் அவ்வளவு முக்கியம்? பொருளாதார மந்தத்தில் பட்டம் முடித்தவர்களைக் கனடாவில் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் வருமானம் சுமார் 9 சதவீதம் குறைந்தது. அந்தப் பள்ளம் தூர்ந்துபோகப் பத்து ஆண்டுகள் வரை ஆனது. மீண்டவர்களில் பலர் படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறித்தான் மீண்டார்கள். மாற இடமில்லாத ஊரில் அது எப்படி நடக்கும்?

சரி, முதலாளிகள் நிறைந்த ஊரில் போட்டியும் வாடகையும் அதிகம். சம்பளத்தில் வாடகையும் பயணச் செலவும் போக மிஞ்சுவதை வைத்து ஒப்பிடுங்கள். ஆய்வகத்தில் எந்த மொழி புழங்குகிறது என்றும் கேளுங்கள். ஆசிரியர் பணி போன்றவற்றுக்கு அந்தப் பகுதியின் உரிமம் தனியாகத் தேவைப்படலாம்.

அப்புறம், உங்கள் தோழி. நெருங்கிய உறவுகளைவிட, எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகவே வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். ஆகவே தோழியிடம் காலியிடம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். அவள் நிறுவனத்திலிருந்து கடைசியாக விலகிய இரண்டு மூன்று பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அதே ஊரில் வேறு இடத்தில் இருந்தால் கிளம்புங்கள். எல்லோரும் ஊரையே விட்டுப் போயிருந்தால், இன்னொரு பகுதியைப் பாருங்கள்.