சர்க்கரை வரும் வாய்ப்புள்ள அம்மா பரிசோதனைக்குப் போக மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அம்மாவுக்கு 52 வயது, ஆலங்குளம் பக்கம் ஊர், ஆச்சிக்குச் சர்க்கரை இருந்தது, ஊரில் முகாம் போட்டாலும் அம்மா எட்டிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் நீங்கள் கேட்பதும், "கோயில் கொடை முடியட்டும், போறேன்" என்று அம்மா சொல்வதுமாக நாள் ஓடியிருக்கும்.

நான் முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. "தையல்காரிக்கு எதுக்கு இந்தப் பேச்சு" என்று கீழே எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். பரிசோதனையே வேண்டாம் என்றிருந்த என் மாமியாரைக் கையை நீட்ட வைத்தது நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில், சர்க்கரையின் கெடுதலை அம்மாவுக்கு விளக்கப் போகாதீர்கள். வீடியோ அனுப்பாதீர்கள். என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, தெரியாத கெடுதலா? அவருடைய அக்காவுக்குக் காலில் பெருவிரலை எடுத்தபோது பெரியாஸ்பத்திரியில் கூடவே படுத்துக் கிடந்தவர். ஆனால் அவர் மனதில் பதிந்தது, "டெஸ்ட்டு எடுக்கப் போயித்தான அக்காவுக்கு விரல் போச்சு" என்பதுதான். புண் கறுத்து நாற்றம் வந்த பிறகுதான் பெரியத்தை ஆஸ்பத்திரி வாசலையே மிதித்தார். அதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அத்தை சின்ன வயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். காலையில் சுளகை (முறத்தை) மடியில் வைத்தால் பொழுது சாய்கிறவரை அசைய மாட்டார். சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் கணக்கு இருக்கிறது. ரத்தம் எடுக்காமலே ஒருவருக்குச் சர்க்கரை வரும் ஆபத்து எவ்வளவு என்று பார்க்கலாம். வயது 50 ஆகிவிட்டால் 30 மதிப்பெண். உடற்பயிற்சி இல்லாமல் உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இரண்டு பேருக்கும் என்றால் 20. பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டரைத் தொட்டால் 10, 90-ஐத் தொட்டால் 20. மொத்தம் 60 வந்தாலே அதிக ஆபத்து. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வயதும் வேலையும் சேர்ந்தே 60 ஆகிவிடுகிறது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது டேப்பை இடுப்பிலும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவேன். முப்பத்தொன்றரை அங்குலம் என்பது 80 சென்டிமீட்டர். உங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, அத்தை ஏன் மறுத்தார்? ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டே, "என்னத்துக்கு அத்தை வேண்டாங்கிய?" என்று கேட்டேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காட்டினார். "இதுல குத்துனா நான் எப்படிட்டி சுத்துவேன்? பொயலத் தூளு உள்ள போனா ராத்திரி பூரா எரியும்." இலையை உருட்டுவது, நுனியை நகத்தால் மடக்குவது, நூல் கட்டுவது எல்லாம் அந்த விரல்களால்தான். பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நேரமும் முகாம் நேரமும் ஒன்றாக இருந்தால் அன்றைய கூலியும் போச்சு. இந்தப் பயத்தை ஆஸ்பத்திரி நோட்டீஸ் எதிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொன்னார். முன்பு பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் நடந்தது. நடத்தியவர்கள் யாரென்று நான் சொல்லப் போவதில்லை. பேரைக் கூப்பிட்டு, "முந்நூத்திப் பத்து" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாசித்தார்கள். அந்த அக்கா வீட்டில் அப்போது பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நோய் உள்ள குடும்பம் என்று பேச்சுக் கிளம்பியது. அதற்குப் பிறகு யார் போவார்கள்? எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியது. அதில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர், சுய உதவிக் குழுவில் உள்ள பெண்தான், எங்களுக்குத் தெரிந்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பீடியைக் கொடுத்துவிட்டு அத்தை வீடு திரும்புகிற நேரமாகப் பார்த்து வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். தூள் வாசம் போகிறவரை அத்தை தேய்த்துக் கழுவினார். இடது கை மோதிர விரலில், நுனியை விட்டு ஓரத்தில் குத்தினார். வந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டில் எழுதி அத்தை கையிலேயே கொடுத்தார். அத்தை விரலை மடக்கி விரித்துப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப்போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 114. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126 தொட்டால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. அதையும் மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். ஆனால் பிரஷர் 160/100 இருந்தது. 140/90 தாண்டினாலே கவனிக்க வேண்டும். தலைசுற்றல், மயக்கம் எதுவும் இல்லாத மனுஷி! டாக்டரம்மா வேறொரு நாளும் அளந்து பார்த்த பிறகே மாத்திரை எழுதினார். இப்போது மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. எல்லைக்கோட்டில் இருப்பதால் சாயங்காலம் சுளகை இறக்கி வைத்துவிட்டு வாய்க்கால் கரை வரை நடக்கிறார். அதைப் பார்த்து எதிர்வீட்டு மைனி தானாகவே வந்து, "அந்தப் பிள்ளைய எனக்கும் பாக்கச் சொல்லு" என்றார்.

பீடி சுற்றுகிறவர்களுக்குப் பரிந்து பேசுகிறாயே, அது புகையிலைதானே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. கொடுக்கிற இலை பாதி ஓட்டையும் கிழிசலுமாக இருக்கிறது. ஆயிரத்துக்கென்று கொடுத்ததில் ஆயிரம் பீடி வராது. குறைகிற இலையை இந்தப் பெண்கள் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள். கொண்டுபோய்க் கொடுத்தால் நூல் சரியில்லை, தலை மடங்கவில்லை என்று ஒரு பிடியை அள்ளிக் கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. ஒரு நாள் கூலி இவர்களுக்கு எவ்வளவு பெரிது என்று தெரியாதவர்கள்தான் "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதுகிறார்கள்.

உங்கள் அம்மா பீடி சுற்றுகிறாரா, வயல் வேலையா, வீட்டோடு இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், பரிசோதனைக்குப் போனால் தனக்கு என்ன நஷ்டம் என்று அவர் நினைக்கிறார் என்பதைக் கேளுங்கள். போனில் கேட்டால் வராது, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கூட உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் பேச்சைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சுக்கு மரியாதை அதிகம் என்றால் அவரையே கூட அனுப்புங்கள், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். தன்னார்வலர் யார் என்று துணை சுகாதார நிலைய நர்சிடம் கேட்டால் சொல்வார். 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உண்டு. அதை முதல் நாளே எடுத்து மிரள வைக்காதீர்கள், ஒருமுறை போய் வந்த பிறகு பேசலாம்.

வெறும் வயிற்றுச் சோதனை என்றால் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். காலைக் காப்பியை விடச் சொல்வதுதான் பெரும்பாடு. தூக்குச்சட்டியில் இட்லி கொடுத்து அனுப்புங்கள், ரத்தம் எடுத்த கையோடு அங்கேயே சாப்பிடட்டும்.